ஒரு டன்னில் முப்பது கிராம்

காரின் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில், தரையிலிருந்து கூரைவரை நிற்கும் தூணை பி-பில்லர் என்பார்கள். சீட் பெல்ட்டின் மேல்முனை மாட்டியிருப்பது அதில்தான். நேர் எதிரே வந்து மோதும் வண்டியிடமிருந்து நம்மைக் காக்க முன்பக்கத்தில் நசுங்குவதற்கென்று ஒரு நீளம் இருக்கிறது. பக்கவாட்டில் மோதினால் அப்படி எதுவும் கிடையாது. மோதும் பம்பருக்கும் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் விலா எலும்புக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு சாண் இடைவெளியும் இந்தத் தூணும்தான். அதனால் இது மடங்கவே கூடாது.

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வளாகத்தின் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் சாண்ட்ரோ 1998இல் வெளிவந்தது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழில்தடம் நீண்டு, கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைபேசி எல்லாம் பிறக்கும் வட்டாரமாகிவிட்டது. பெங்களூரு நெடுஞ்சாலையில் எஃகுக் காயில் ஏற்றிய ட்ரெய்லர்களின் பின்னால் மாட்டிக்கொள்ளாத பயணி குறைவு. அந்தக் காயிலில் இருப்பது மெல்லிய தகடு. உயிர்காக்கும் தூணாக அது மாறும் கதை பிரஸ்ஸுக்குள் பத்து நொடியில் முடிந்துவிடுகிறது. அந்தப் பத்து நொடியில் நடப்பதைப் புரிந்துகொள்ளச் சிலர் ஆறு ஆண்டுகள் படிக்கிறார்கள். இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது.

முதலில் பத்து நொடி. தூணின் வடிவுக்கேற்ப வெட்டிய தகடு உருளைகள்மேல் ஊர்ந்து நீளமான உலைக்குள் போகிறது. அப்போது அதன் இழுவலிமை சுமார் 600 மெகாபாஸ்கல். அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள துண்டு கிட்டத்தட்ட 60 கிலோ எடையைத் தாங்கும். உலையின் வெப்பம் 900 முதல் 950 டிகிரி செல்சியஸ். சில நிமிடங்கள் கழித்துச் செக்கச்சிவந்து வெளியே வரும் தகட்டை ரோபோ பிடித்து பிரஸ்ஸில் வைக்கிறது. இதில் தாமதம் கூடாது, காற்றிலேயே ஆறத் தொடங்கிவிடும். பிரஸ்ஸின் அச்சான டை மூடுகிறது, தகடு வளைகிறது. சாதாரண பிரஸ் ஷாப்பில் என்றால் உடனே டை திறந்துவிடும். இங்கே திறப்பதில்லை. டைக்குள்ளே குடைந்த துளைகளில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. டையின் இரு பக்கமும் தகட்டை இறுக்கிப் பிடித்தபடி அதன் சூட்டை உறிஞ்சுகின்றன. நொடிக்கு 27 டிகிரிக்குக் குறையாமல் சூடு இறங்க வேண்டும். பத்து நொடி அளவில் டை திறக்கும்போது அதே தகட்டின் வலிமை 1500 மெகாபாஸ்கல். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 150 கிலோ.

ஊர்க் கொல்லர் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். தொழிற்சாலை முறையாக இதை 1970களில் உருவாக்கியவர்கள் ஸ்வீடன்காரர்கள். பிளான்யா என்ற நிறுவனம் ரம்பங்களுக்கும் புல்வெட்டும் கத்திகளுக்கும் பயன்படுத்தியது. 1984இல் சாப் நிறுவனம் தன் 9000 காரில் இந்த முறையில் செய்த பாகத்தைப் பூட்டியது. இன்று புதிதாக வடிவமைக்கப்படும் கார்களின் பயணிகள் கூண்டில் இவ்வகை எஃகுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன? அறை வெப்பத்தில் இரும்பு அணுக்கள் ஒரு விதமாக அடுக்கியிருக்கின்றன. 900 டிகிரியில் அவை வேறு அடுக்குக்கு மாறுகின்றன. ஆஸ்டெனைட் எனப்படும் அந்த அடுக்கில் கார்பன் அணுக்கள் இரும்புக்கு நடுவே தாராளமாகக் கரைந்து உட்கார இடம் உண்டு. மெதுவாக ஆறவிட்டால் இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பும்போது கார்பன் நடந்து வெளியேறிவிடும். மென்மையான ஃபெரைட் மிஞ்சும். சட்டென்று குளிர்வித்தால் கார்பனுக்கு நடக்க நேரம் இருக்காது. சுமார் 400 டிகிரிக்குக் கீழே இரும்பு அணுக்கள் அனைத்தும் சேர்ந்து, ஒவ்வொன்றும் ஓர் அணு இடைவெளியைவிடக் குறைந்த தூரம் சரிகின்றன. கார்பன் அப்படியே சிறைப்படுகிறது. ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என்று அழைக்கப்படும் இந்த முறுக்கேறிய அடுக்குதான் 1500 மெகாபாஸ்கலைத் தருகிறது.

இதுவரை இளநிலைப் பாடநூலிலேயே கிடைக்கும். மேற்படிப்பின் கேள்வி இதற்கு அடுத்த வரியில் பிறக்கிறது. 0.22 சதவீதக் கார்பன் மட்டும் உள்ள சாதாரண எஃகை நொடிக்கு 27 டிகிரி வேகத்தில் ஆறவைத்தால் முழுக்க மார்ட்டென்சைட் வராது, ஃபெரைட் முந்திக்கொள்ளும். இன்னும் பலமடங்கு வேகம் வேண்டும், டையால் அது முடியாது. பிறகு இந்தத் தகட்டில் மட்டும் எப்படி முடிகிறது? மில் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் 22-எம்.என்.-பி-5 என்ற பெயருக்குக் கீழே கலவை இருக்கும்: கார்பன் 0.22 சதவீதம், மாங்கனீஸ் சுமார் 1.2, கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் டைட்டானியம், கடைசியாக போரான் 0.003 சதவீதம். ஒரு டன் எஃகில் முப்பது கிராம். ஒரு கைப்பிடிக்கும் குறைவு. இதை எடுத்துவிட்டால் தூண் இளகிவிடும்.

ஆறாயிரத்து ஐந்நூறு அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும் போரான் அவ்வளவு பெரிய வேலையை எப்படிச் செய்யும்? எஃகு ஒரே படிகம் கிடையாது. பல்லாயிரம் சின்னஞ்சிறு படிக மணிகள் நெருங்கி ஒட்டிய கூட்டம். ஒரு மணி முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில் அணுக்களின் அடுக்கு கலைந்து கிடக்கும். ஆறும்போது ஃபெரைட் முளைவிடுவது பெரும்பாலும் அந்த எல்லைகளில்தான். உருவில் சிறியதான போரான் அணுவுக்கும் அந்த எல்லைதான் வசதியான இடம். அது மற்ற இடங்களை விட்டுவிட்டு அங்கே போய்க் குடியேறுகிறது, எல்லையின் ஆற்றல் தணிகிறது, ஃபெரைட்டுக்கு முளைக்க இடமில்லாமல் போகிறது. அந்தச் சில நொடித் தாமதத்துக்குள் மார்ட்டென்சைட் காரியத்தை முடித்துக்கொள்கிறது. எஃகில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் போரானைப் பிடித்துக்கொண்டால் இந்தக் காவல் போய்விடும். நைட்ரஜனைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளத்தான் டைட்டானியம். போரானைக் கூட்டிவிட்டால் வலிமை கூடுமா என்றால், கூடாது. எல்லையில் போரோகார்பைடு துகள்கள் உருவாகி, அவையே ஃபெரைட்டுக்கு முளைக்கும் இடமாகிவிடும்.

தடத்தில் வேலைசெய்யும் எஞ்சினியருக்கு இந்தக் கேள்வியோடு உட்கார நேரமில்லை. ரிஜெக்ஷன் ஏறினால் அடுத்த ஷிப்ட்டுக்குள் இறக்க வேண்டும். உலை வெப்பத்தையோ டையின் நீரோட்டத்தையோ மாற்றிப் பார்த்து லைனை ஓடவைப்பதே அவர் திறமை. அது பெரிய திறமை, நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எந்த எஃகு, எந்த வெப்பம், எத்தனை நொடி என்கிற முடிவுகள் பெரும்பாலும் வேறு நாட்டு ஆய்வுக்கூடங்களில் எடுக்கப்பட்டுத் தாளில் வந்துசேர்கின்றன. அந்தத் தாளில் "ஏன்" என்ற பத்தி இருக்காது. அதை எழுதக் கற்றுக்கொள்வதுதான் பொருளறிவியல் மேற்படிப்பு.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் கிண்டி. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யில் உலோகவியல் மற்றும் பொருள் பொறியியல் துறை இருக்கிறது. ஒரு முதலாண்டு மாணவியின் வேலை அங்கே எப்படித் தொடங்கும் என்று பார்ப்போம். கையில் ஒரு சாம்பிள், விரல்நகம் அளவு எஃகுத் துண்டு. அதை பேக்லைட்டில் பதித்து, எமரி ஷீட்டில் தேய்க்க வேண்டும். கரடான தாளிலிருந்து தொடங்கி நுண்ணிய தாள்வரை, ஒவ்வொன்றுக்கும் சாம்பிளைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, முந்தைய தாளின் கீறல் மறையும்வரை. பிறகு துணியில் வைரப் பசை. கண்ணாடிபோல மின்னும்போது நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றுமே தெரியாது, வெறும் வெள்ளை. ஆல்கஹாலில் இரண்டு சதவீத நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டாலில் சில நொடி நனைத்தால்தான் எல்லைகள் அரிபட்டு வெளிவரும். நொடி கூடினால் கருகிவிடும், மறுபடி எமரி ஷீட். மார்ட்டென்சைட் ஊசி ஊசியாகத் தெரியும் முதல் படத்தைப் பெற வாரக்கணக்கில் ஆகிறவர்களும் உண்டு. இது வீண்வேலை என்று சலித்துக்கொள்ளும் மாணவர்களுக்கு நான் சொல்வது, கீறலுக்கும் கட்டமைப்புக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் உதவாது என்பதே.

அடுத்த படி எலெக்ட்ரான் நுண்ணோக்கி. சாம்பிளை எழுபது டிகிரி சாய்த்து வைத்து எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், திரும்பிவரும் எலெக்ட்ரான்கள் திரையில் பட்டை பட்டையாக ஒரு கோலத்தைப் போடும். ஜப்பானிய இயற்பியலர் செய்ஷி கிக்குச்சி 1928இல் கண்ட பட்டைகள் இவை. ஒவ்வொரு புள்ளியிலும் படிகம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதை அதிலிருந்து கணித்து, மணி மணியாக வண்ணப்படம் வரையலாம். 900 டிகிரியில் இருந்து மறைந்துபோன ஆஸ்டெனைட் மணிகளின் எல்லையைக்கூட அந்தப் படத்திலிருந்து மீட்டெடுக்க முடிகிறது. கருவிக்கு ஸ்லாட் கிடைப்பது மட்டும் கடினம். இரவு ஸ்லாட் பதிவுசெய்து விடியவிடிய உட்காருவது ஆராய்ச்சி மாணவர் வாழ்க்கையின் பகுதி.

ஆனால் இந்தக் கருவியிலும் போரான் தெரியாது. லேசான தனிமம், அளவும் சொற்பம். அதை அணு அணுவாக எண்ண அணுத்துழாவி வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் அதற்கென்று ஒரு தேசிய ஆய்வு வசதி இருக்கிறது. பல ஐ.ஐ.டி.களும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து அமைத்தது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே இதை இயக்கலாம். வேலைசெய்யும் விதம் எளிமையானது, செய்துமுடிப்பது கடினம். எஃகை அயனிக் கற்றையால் செதுக்கி, முனை நூறு நானோமீட்டரைவிடக் கூரான ஊசியாக்குகிறார்கள். மணி எல்லை அந்த ஊசியின் நுனிக்குள் வந்து அமைய வேண்டும், இதுவே பாதி ஆய்வு. ஊசியை உறைகுளிரில் வைத்துச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்து, லேசர் துடிப்பால் தட்டினால் நுனியிலிருந்து அணு ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கும். பறந்துசேர எடுத்த நேரம் அது எந்தத் தனிமம் என்பதைச் சொல்கிறது, விழுந்த இடம் அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. கோடிக்கணக்கான அணுக்களைத் திரும்ப அடுக்கினால் ஊசியின் முப்பரிமாண வரைபடம். அதில் போரான் அணுக்கள் மணி எல்லையில் ஒரு தாள்போல வரிசைகட்டி நிற்பதைக் காணலாம். மேலே நான் எழுதிய விளக்கம் ஊகமாக இல்லாமல் காட்சியாக மாறுவது இப்படித்தான்.

இந்தக் கருவியின் மூதாதை புல அயனி நுண்ணோக்கி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லர் அதை உருவாக்கினார். 1955 அக்டோபரில், நன்கு குளிர்வித்த டங்ஸ்டன் ஊசியின் நுனியில் தனித்தனி அணுக்கள் ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்தன. மனிதர் நேரடியாக அணுவைப் பார்த்த முதல் தருணம் என்று அதைக் கொள்கிறார்கள். அப்போது கருவியருகே முல்லரோடு இருந்தவர் அவருடைய முனைவர் பட்ட மாணவர் கன்வர் பகதூர், இந்தியர். ஆய்வேட்டுக்காக உழைத்த ஒருவருக்கு அணுவை முதலில் காணும் பேறு வாய்த்தது. நம் பள்ளிப் பாடநூல்களில் அவர் பெயர் இடம்பெற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

செய்முறையிலிருந்து காரணத்துக்குப் போகும் இந்தப் பயணத்தில் தமிழ்நாட்டு மண்ணுக்கும் பங்குண்டு. லண்டனின் தொல்லியல் கழகத்தில் 1990களில் சாரதா சீனிவாசன் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். மும்பை ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியல் படித்தவர் அவர். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் கலவையையும் ஈய ஐசோடோப்புகளையும் அளந்து, எந்தச் சிலை எந்தக் காலத்தது என்று பிரித்தறிய வழிகண்டார். அந்த ஆண்டுகளில் பழைய தென்னாற்காட்டு வட்டாரத்தின் மேல்சிறுவளூரில், மூசைகளில் இரும்பை அடைத்து உயர்கார்பன் எஃகு உருக்கிய இடத்தை அடையாளம் கண்டு 1994இல் எழுதினார். இந்த வகை எஃகைத்தான் ஐரோப்பியர்கள் "உட்ஸ்" என்று அழைத்தார்கள். மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைப் பகுத்தாய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் இன்னொரு கதை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை நடத்தினார். இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும் மூசையில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் எஃகு தேறியது. அந்த மாங்கனீஸ்தான் இன்று நம் தூணிலும் 1.2 சதவீதம். சேர்த்தால் நல்லது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உருகிய எஃகிலிருந்து ஆக்சிஜனை நீக்குவது, கந்தகத்தைக் கட்டிப்போடுவது, ஃபெரைட்டைத் தாமதப்படுத்துவது என்று அது செய்யும் வேலைகள் பின்னால் வந்தவர்களால் ஒவ்வொன்றாக விளங்கின.

இந்தப் படிப்புக்குள் நுழைய ஒரே வாசல் என்று இல்லை. சேலம் அரசு பொறியியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி., திருச்சி என்.ஐ.டி. ஆகியவற்றில் உலோகவியல் படித்தவர்கள் நேர்வழியில் வருகிறார்கள். கேட் தேர்வில் உலோகவியலுக்குத் தனித் தாள் உண்டு. பொறியியல் அறிவியல் தாளிலும் பொருளறிவியல் ஒரு பிரிவு. இயற்பியல், வேதியியல் முதுகலை முடித்தவர்கள், மெக்கானிக்கல் படித்தவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பில் உட்காருவது இந்தத் துறையின் சிறப்பு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1950களின் இறுதியில் தன் உலோகவியல் துறைக்குப் பொருளறிவியல் என்று பெயர் மாற்றியபோது இந்தக் கலப்பைத்தான் விரும்பியது. எம்.டெக். இரண்டு ஆண்டு, உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். முனைவர் பட்டத்துக்கு 2023 முதல், தொடக்க ஆண்டுகளில் 37,000, பிந்தைய ஆண்டுகளில் 42,000. எம்.டெக். தொகை போதாது என்பது என் உறுதியான கருத்து. தடத்தில் புதிதாகச் சேரும் எஞ்சினியர் அதைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரியால் எப்படி வர முடியும்? வேலையை விடாமல் மாலையில் எம்.டெக். படிக்கவும், நிறுவனத்தில் இருந்தபடி ஆய்வு செய்யவும் சென்னை ஐ.ஐ.டி.யில் ஏற்பாடு இருக்கிறது. பிரஸ் ஷாப்பில் நின்றவர் கொண்டுவரும் கேள்வி வேறு தினுசாக இருக்கும் என்பதால் இந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்படி ஒரு கேள்வியைப் பார்ப்போம். சிவந்த தகடு துருவேறாமல் இருக்க அதன்மேல் அலுமினியம்-சிலிக்கான் பூச்சு இருக்கும். உலைக்குள் காற்றில் நீராவி இருந்தால் அலுமினியம் அதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. மிஞ்சும் ஹைட்ரஜன் அணுவாகவே எஃகுக்குள் நுழைகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், 1500 மெகாபாஸ்கல் எஃகுக்கு அதற்கும் குறைவான ஹைட்ரஜனே ஆபத்து. இன்று சரியாக இருக்கும் பாகம் இழுவிசையில் நின்று சில நாள் கழித்துத் தானாக வெடிப்பு விடலாம். அதனால் உலைக்குள் காய்ந்த காற்றைச் செலுத்தி, ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையைப் பூஜ்யத்துக்குக் கீழே வைக்கப் பார்க்கிறார்கள். சென்னை வட்டாரக் காற்றின் பனிநிலை ஆண்டின் பெரும்பகுதி 20 டிகிரிக்கு மேல். கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். ஸ்வீடனின் குளிர்காலக் காற்றுக்குப் போட்ட கணக்கு இங்கே அப்படியே செல்லாது. உலைக் கதவு திறந்து மூடும்போது உள்ளே புகும் ஈரம் எவ்வளவு, அதில் எத்தனை பங்கு எஃகில் தங்குகிறது, பெயிண்ட் ஷாப்பில் சுமார் 170 டிகிரியில் வாட்டும்போது எவ்வளவு வெளியேறுகிறது என்று அளப்பது ஒரு நல்ல ஆய்வேட்டுக்குப் போதுமான வேலை. சாம்பிளை மெல்லச் சூடாக்கி, எந்த வெப்பத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் கழன்று வருகிறது என்று பார்ப்பார்கள். எந்தச் சூட்டில் வருகிறது என்பதிலிருந்து அது எங்கே ஒளிந்திருந்தது என்பது தெரியும்.

இன்னொரு கேள்வி பெரியது. வாகனக் கழிவுக் கொள்கை 2021இல் அறிவிக்கப்பட்டது. பழைய கார்களை நசுக்கி, மின்வில் உலையில் உருக்கி மறுபடி தகடாக்கினால் தாதுவிலிருந்து எஃகு எடுப்பதைவிடக் கரியமில வாயு வெகுவாகக் குறையும். ஆனால் கார் முழுக்க வயர்களும் சிறு மோட்டார்களும் இருக்கின்றன. அவற்றின் செம்பு எஃகில் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழக்கமான வழி எதுவும் கிடையாது. சூடான தகட்டை உருட்டும்போது மேற்பரப்பில் இரும்பு மட்டும் ஆக்சைடாகி உதிர, செம்பு அடியில் சேர்ந்துகொண்டே போகிறது. 1085 டிகிரியில் உருகும் அந்தச் செம்பு மணி எல்லைகளுக்குள் கசிந்து தகட்டைப் பிளக்கிறது. முப்பது கிராம் போரானுக்குப் பிடித்த அதே எல்லைகள்தான். மின்சாரக் கார்களில் செம்பு இன்னும் அதிகம் என்பதால், இந்தத் தடத்தில் இன்று பூட்டப்படும் வண்டிகள் பதினைந்து ஆண்டு கழித்துக் கழிவாகும்போது சிக்கல் பெரிதாகும். நிக்கல் சேர்த்தால் கசிவு குறையும் என்பது தெரியும். நிக்கலின் விலையும் தெரியும். வெள்ளீயம் கலந்தால் நிலைமை மோசமாகும். சிலிக்கானும் போரானும் எந்த அளவில், எந்த வெப்பத்தில் உதவும், எப்போது கெடுக்கும் என்பதில் ஆய்வு முடிவுகள் இன்னும் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகவில்லை. அடுத்த ஆண்டு எமரி ஷீட்டைக் கையிலெடுக்கும் மாணவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.